கடலுக்குள் கார்பனைப் பூட்டலாம்... ஆனா சாவி ஒரு தூசித் துகள்கிட்ட இருக்கு!

காற்றில் கூடிக்கொண்டே போகும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கடலுக்குள் போட்டுப் பூட்டிவிட்டால் என்ன? சயின்ஸ் ஃபிக்‌ஷன் மாதிரித் தெரியும் இந்த யோசனை, இன்று காசு புரளும் தொழிலாகிவிட்டது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் ‘பிளானட்டரி டெக்னாலஜிஸ்’ என்ற நிறுவனம், ஒரு மின் நிலையத்தின் குளிரூட்டும் நீர் கடலில் சேரும் இடத்தில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடைக் கலந்துவிடுகிறது. 2025-ல், 600 டன்னுக்குச் சற்று அதிகமான கார்பன் டை ஆக்சைடை நீக்கியதாக அந்த நிறுவனத்துக்குச் சரிபார்ப்புச் சான்று கிடைத்தது. இந்த முறைக்குக் கிடைத்த முதல் சான்று அதுதான்.

600 டன் என்றால் எவ்வளவு? நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எல்லாவற்றையும் எரித்து உலகம் ஓர் ஆண்டில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 3,700 கோடி டன். விநாடிக்கு 1,100 டன்னுக்கு மேல். ஆக, அந்தச் சாதனை வெறும் அரை விநாடிக் கணக்கு.

இது கிண்டலுக்காகச் சொல்வதல்ல. எந்தத் தொழில்நுட்பமும் சின்னதாகத்தான் தொடங்கும். அந்த அரை விநாடியை ஒரு மணி நேரமாக, ஒரு மாதமாகப் பெருக்கும்போது கடலுக்குள் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உப்பு நீரில் எப்படிக் கரைகின்றன, எப்படி ஒட்டுகின்றன, எவ்வளவு வேகத்தில் மூழ்குகின்றன என்று குடுவையும் கையுமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிஎச்.டி. மாணவர்கள்தான் அதற்கான விடையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கார்பன் சந்தை அவர்களுக்காகக் காத்திருக்கத் தயாராக இல்லை. சிக்கல் அங்கேதான்.

கடல் ஏற்கெனவே நம்மைக் காப்பாத்திட்டுதான் இருக்கு

மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. வளிமண்டலத்தில் இருக்கும் கார்பனைப்போல சுமார் 50 மடங்கு கார்பன் கடலில் கரைந்திருக்கிறது. கடல் மட்டும் இல்லையென்றால் புவி வெப்பமாதல் இன்று இருப்பதைவிடப் பல மடங்கு மோசமாகியிருக்கும்.

இந்த உதவி இலவசமில்லை. கார்பன் டை ஆக்சைடு கரையக் கரைய, கடல் நீரின் காரத்தன்மை குறைந்து அமிலப் பக்கம் நகர்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச். அளவு இப்போது 8.1 அருகே வந்துவிட்டது. புள்ளி ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால், பி.எச். அளவுகோல் மடக்கைக் கணக்கு. அமிலத்தன்மை ஏறக்குறைய 30 சதவிகிதம் கூடிவிட்டது என்பதுதான் அதன் பொருள். பவளம், சிப்பி, சங்கு என ஓடு கட்டும் உயிர்களுக்கு இது நேரடி அடி.

சரி, மாசு வெளியிடுவதை நிறுத்தினால் போதாதா? முதல் வேலை அதுதான், சந்தேகமில்லை. ஆனால் விமானம், சிமென்ட், விவசாயம் போன்ற துறைகளில் மிச்சமிருக்கும் உமிழ்வை ஈடுகட்ட, காற்றிலிருந்து கார்பனை நீக்கும் வழிகளும் தேவைப்படும் என்று ஐ.பி.சி.சி. அமைப்பின் 2022 அறிக்கை சொல்கிறது. மரம் நடுவதற்கு நிலம் வேண்டும். பூமியின் 70 சதவிகிதப் பரப்பு கடல். எல்லோர் பார்வையும் அந்தப் பக்கம் திரும்பியதில் ஆச்சரியமில்லை.

எட்டாம் வகுப்பு சோதனை ஞாபகம் இருக்கா?

தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால், அது பால்போல வெண்மையாகும். நம் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்பதை நிரூபிக்கும் பள்ளிக்கூடச் சோதனை. பலரும் மறந்துவிடும் இரண்டாம் பாதி ஒன்று உண்டு. தொடர்ந்து ஊதிக்கொண்டே இருந்தால், அந்தப் பால் நிறம் மறைந்து நீர் மறுபடியும் தெளிந்துவிடும்.

முதல் கட்டத்தில் உருவாவது கால்சியம் கார்பனேட், அதாவது கரையாத சுண்ணாம்புத் தூள். இரண்டாம் கட்டத்தில் அது மேலும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு பைகார்பனேட்டாகக் கரைந்துபோகிறது. கடலில் கார்பன் பெரும்பாலும் இருப்பது இந்தக் கரைந்த பைகார்பனேட் வடிவில்தான். அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே இருக்கும்.

கடலின் காரத்தன்மையைக் கூட்டும் முறை இதையே பெரிய அளவில் செய்யப் பார்க்கிறது. சுண்ணாம்பு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, ஆலிவைன் என்ற பச்சைக் கனிமம் போன்ற காரப் பொருள்களைக் கடலில் சேர்க்க வேண்டும். நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு பைகார்பனேட்டாக மாறும். காலியான இடத்தை நிரப்பக் காற்றிலிருந்து இன்னும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். கூடவே அமிலத்தன்மையும் கொஞ்சம் குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மலைப் பாறைகள் மழையில் கரைந்து ஆறுகள் வழியாகக் கடலுக்கு வருவதன் மூலம் இயற்கை இதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவருகிறது. மிக மெதுவாக. மனிதர்கள் அதை வேகப்படுத்தப் பார்க்கிறார்கள்.

கற்கண்டு நூலும் கடல் துகளும்

சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான். வெப்பமான கடல்களின் மேற்பரப்பு நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே தேவைக்கு மேல் நிறைந்திருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் அது தானாகவே சுண்ணாம்பாகப் படிந்துவிட வேண்டும். படிவதில்லை. நீரில் இருக்கும் மெக்னீசியம், பாஸ்பேட், கரிமப் பொருள்கள் எல்லாம் அதைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒருவித இழுபறிச் சமநிலை.

கற்கண்டு எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். கெட்டியான சர்க்கரைப் பாகு தானாக உறையாமல் கிடக்கும். அதில் ஒரு நூலைத் தொங்கவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு படிகம் படிகமாக வளரும். கடல் நீரில் அந்த நூலின் வேலையைத் துகள்கள் செய்கின்றன. காரத்தன்மையைக் கூட்டுவதற்காகச் சேர்க்கும் சுண்ணாம்புத் துகளே நூலாகிவிட்டால்?

ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று இதைத் துல்லியமாகக் காட்டியது. 2022-ல் ‘பயோஜியோசயின்சஸ்’ இதழில் வெளியான அந்த ஆய்வில், இயற்கையான கடல் நீரில் சுண்ணாம்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு கிலோ நீருக்கு 250 மைக்ரோமோல் அளவு காரத்தன்மை கூடும்படி சேர்த்தபோது பிரச்னையில்லை. கரைந்தது, நின்றது. அதையே 500 ஆக்கியபோது கதை மாறியது. கரையாமல் மிச்சமிருந்த துகள்களின் மேல் சுண்ணாம்பு படியத் தொடங்கியது. படிந்த சுண்ணாம்பின் மேல் இன்னும் படிந்தது. கட்டுக்கடங்காத அந்த வீழ்படிவு, சேர்த்த காரத்தன்மையைவிட அதிகமான காரத்தன்மையை நீரிலிருந்து உருவிக்கொண்டு போனது!

இது ஏன் பெரிய விஷயம்? பைகார்பனேட் மறுபடியும் சுண்ணாம்பாகப் படியும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பள்ளிக்கூடச் சோதனையை ரிவர்ஸில் ஓட்டுவதைப்போல. கூட்டிய ஒவ்வோர் அலகு காரத்தன்மைக்கும் சுமார் 0.8 அலகு கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர வேண்டிய இடத்தில், மோசமான சூழலில் அது 0.1 வரை சரியலாம் என்பது அந்த ஆய்வின் கணக்கு. அந்தச் சுண்ணாம்பைத் தயாரிக்கச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட வேண்டும். சுடும்போதும் கார்பன் டை ஆக்சைடு வரும். அந்தப் புகையைப் பிடித்துவைக்காமல் செய்தால், போட்டது போச்சு என்பதைத் தாண்டி, கைக்காசையும் இழந்த கதைதான்.

ஆய்வின் இன்னொரு பகுதி இன்னும் சுவாரஸ்யம். துகளே இல்லாமல் கரைசலாகக் காரத்தன்மையைக் கூட்டிய நீரில் ஒன்றும் நடக்கவில்லை. அதில் வெறும் குவார்ட்ஸ் துகள்களை, அதாவது சாதாரண மணலின் மூலப்பொருளைச் சேர்த்ததும் படிதல் தொடங்கிவிட்டது. ஆக, என்ன சேர்க்கிறோம் என்பதோடு, அந்த நீரில் ஏற்கெனவே என்ன மிதக்கிறது என்பதும் முக்கியம். நல்ல செய்தியும் உண்டு. சரியான நேரத்தில் துகள்களை வடிகட்டினாலோ, அதே அளவு கடல் நீரைச் சேர்த்து நீர்க்கச் செய்தாலோ படிதல் அடங்கிவிடுகிறது.

ஆய்வகக் குடுவையில்தானே நடந்தது, திறந்த கடலில் நடக்குமா? நடக்கும். திடீர் வெள்ளம் செங்கடலுக்கு அடித்துவரும் வண்டல் துகள்களின் மேல் கால்சியம் கார்பனேட் படிவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாலைவனத்தில் ஒரு நாள் பெய்த மழை கடலின் வேதியியலை மாற்றுகிறது என்றால், டன் கணக்கில் தூளைக் கொட்டும் திட்டம் மாற்றாதா?

அரைச்சா சரியாயிடுமா?

துகளைச் சின்னதாக்கினால் சீக்கிரம் கரைந்துவிடுமே என்று தோன்றலாம். உண்மைதான். கல் உப்பைவிடத் தூள் உப்பு வேகமாகக் கரைவதைப்போல. ஆலிவைனைத் திறந்த கடலில் தூவுவதாக இருந்தால், ஆழத்துக்கு மூழ்குவதற்குள் மேல் அடுக்கிலேயே அது கரைந்துவிட வேண்டும். அதற்கு ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு அரைக்க வேண்டும் என்று 2013-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தலைமுடியின் தடிமனைப்போலப் பல பத்து மடங்கு சிறியது அது. அவ்வளவு நைசாக அரைக்க ஆகும் ஆற்றலே, கிடைக்கும் பலனில் சுமார் 30 சதவிகிதத்தை விழுங்கிவிடும் என்பதும் அதே ஆய்வின் கணக்கு. ஆலிவைனில் நிக்கல் போன்ற உலோகங்களும் கலந்திருக்கும். கரையும்போது அவையும் கடலில் சேரும்.

பெரிய துகள் கரையாமல் மூழ்கும். சின்னத் துகளுக்கு மின்சாரச் செலவு. அதிகம் போட்டால் படியும். குறைவாகப் போட்டால் பலன் தெரியாது. இந்த நான்குக்கும் நடுவில் பாதுகாப்பான பாதை ஒன்று இருக்கிறது. அது எந்தக் கனிமத்துக்கு, எந்த உப்புத்தன்மையில், எந்த வெப்பநிலையில் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இன்றைய பல பிஎச்.டி. ஆய்வுகளின் தலைப்பு. பார்க்க போரடிக்கும் வேலை. நாள் முழுக்க டைட்ரேஷன், வடிகட்டல், மறுபடியும் டைட்ரேஷன். ஆனால் அந்தப் போரடிக்கும் எண்கள் இல்லாமல் மேலே கட்டும் எதுவும் நிற்காது.

கடலுக்குள் பெய்யும் பனி

வேதியியல் வழி தவிர உயிரியல் வழியும் ஒன்று உண்டு. கடலின் மேற்பரப்பில் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையில் கார்பனை எடுத்துக்கொள்கின்றன. அவை செத்து, சின்ன உயிரிகளின் கழிவோடும் தூசியோடும் ஒட்டிக் கட்டியாகி, வெள்ளைத் துகள்களாக ஆழத்தை நோக்கி விழுந்துகொண்டே இருக்கும். விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கடல் பனி’. இந்த இயற்கை பம்ப் ஓடாவிட்டால், இப்போது 420 பிபிஎம்-ஐத் தாண்டியிருக்கும் காற்றின் கார்பன் டை ஆக்சைடு அளவு இன்னும் மிகப் பெரிய அளவில் உயர்ந்திருக்கும்.

இதைத் தூண்டிவிட முடியுமா? 2009-ல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து முயன்று பார்த்தன. ‘லோஹாஃபெக்ஸ்’ என்று பெயர். ‘லோஹா’ என்றால் இந்தியில் இரும்பு. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் வெக்னர் நிறுவனமும், ‘போலார்ஸ்டெர்ன்’ கப்பலில் தென் அட்லான்டிக் பகுதிக்குப் போய், சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புச் சத்தைக் கரைத்துவிட்டன. பாசி வளர்ந்தது. ஆனால், எதிர்பார்த்த வகைப் பாசி வளரவில்லை. கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு கொண்ட டயாட்டம்கள் வளர அங்கே சிலிக்கா போதவில்லை. ஓடில்லாத மற்ற பாசிகளை, மிதக்கும் சின்ன இறால் இன உயிரிகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போன கார்பன் மிகக் குறைவு.

அதே ஜெர்மன் நிறுவனம் தலைமையேற்று 2004-ல் நடத்திய ‘ஐஃபெக்ஸ்’ சோதனையில், வளர்ந்த பாசியில் குறைந்தது பாதி 1,000 மீட்டருக்கும் கீழே போயிருந்தது. ஒரே இரும்பு, ஒரே பெருங்கடல். கனமான ஓடு கொண்ட துகள் மூழ்கியது, மற்றது மிதந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

துகள் மூழ்குவதில்கூட இன்னும் தெரியாத விஷயங்கள் வெளிவந்துகொண்டே இருக்கின்றன. காகித மைக்ரோஸ்கோப்பான ‘ஃபோல்ட்ஸ்கோப்’ மூலம் நம்மூர்ப் பள்ளிகள்வரை தெரிந்த ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மனு பிரகாஷின் குழு, துகள் தொடர்ந்து விழுந்துகொண்டே இருக்கும்படி சுழலும் ஒரு மைக்ரோஸ்கோப்பை உருவாக்கிக் கடல் பனியைக் கவனித்தது. துகள்களைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத சளி போன்ற பசை, வால்நட்சத்திரத்தின் வாலைப்போல நீண்டிருந்தது. பாராசூட் மாதிரி அது துகளைத் தாமதப்படுத்துகிறது. மேல் 100 மீட்டரில் துகள் தங்கும் காலம் இரண்டு மடங்காகிறது. 2024 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. மேலே தங்கும் நேரம் கூடினால், பாக்டீரியா தின்று கார்பன் டை ஆக்சைடை மறுபடியும் வெளியிட வாய்ப்பும் கூடும். இவ்வளவு அடிப்படையான விஷயம் 2024-ல்தான் தெரியவந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அதே ஆண்டு டிசம்பரில், டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் முகுல் சர்மாவின் குழு வேறொரு வழியைச் சொன்னது. பாசி பூத்திருக்கும் நீரில் களிமண் தூளைத் தூவினால், கரைந்திருக்கும் கார்பன் பசைபோல அதில் ஒட்டி உருண்டையாகிறது. அதைத் தின்னும் மிதவை உயிரிகள் பகலில் ஆழத்துக்குப் போய்க் கழிவாக வெளியேற்றும். கார்பன் கீழே போய்ச் சேரும். ஆய்வகத்தில் நம்பிக்கை தரும் முடிவு. கடலில் எடுபடுமா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

சந்தைக்கு அவசரம், ஆய்வுக்கு நேரம் வேணும்

இவ்வளவு கேள்விகள் திறந்திருக்கும்போதே கார்பன் கிரெடிட் விற்பனை ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் மேய்ன் மாகாணத்தைச் சேர்ந்த ‘ரன்னிங் டைட்’ நிறுவனம், 2023-ல் ஐஸ்லாந்துக்கு அருகே, சுண்ணாம்புத் தூள் பூசிய மரச் சிப்பங்களைக் கடலில் மூழ்கடித்தது. பெரிய டெக் நிறுவனங்கள் கிரெடிட் வாங்கின. 2024 ஜூனில், சந்தையில் போதிய தேவை இல்லை என்று சொல்லிக் கடையை மூடிவிட்டது. மரம் கடலடியில் கிடக்கிறது. அதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய நிறுவனமே இல்லை.

அளப்பதிலும் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. காரத்தன்மையைக் கூட்டிய நீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உடனே இழுத்துக்கொள்ளாது. மாதக்கணக்கில், சில நேரம் ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். அதற்குள் அந்த நீர் பல நூறு கிலோமீட்டர் பரவிக் கலந்துவிடும். எனவே, ‘இத்தனை டன் நீக்கினோம்’ என்ற எண்ணிக்கையில் பெரும்பகுதி, கம்ப்யூட்டர் மாதிரிகள் சொல்வது. அந்த மாதிரிகளுக்குள் துகள் படிதலும் கரைதலும் எந்த அளவில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் டன் எண்ணிக்கையும், அதற்கான டாலரும் நிற்கிறது.

‘பூமி எரிந்துகொண்டிருக்கிறது, உங்கள் பிஎச்.டி. முடியும் வரை காத்திருக்க முடியுமா?’ என்று தொழில்முனைவோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால், அவசரத்தின் விலையையும் பார்க்க வேண்டும். லோஹாஃபெக்ஸ் கப்பல் கிளம்பியபோதே சூழலியல் அமைப்புகளின் எதிர்ப்பு வெடித்தது. ஜெர்மன் சுற்றுச்சூழல் அமைச்சகமே நிறுத்தச் சொன்னது. தனி ஆய்வுக்குப் பிறகுதான் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாகத் திறந்த கடலில் அந்த அளவிலான இரும்புச் சோதனையை எந்த அரசும் தொடவில்லை. பிளானட்டரி நிறுவனத்தின் பிரிட்டன் திட்டத்துக்கும் இதே நிலைதான். 2023-ல் கார்ன்வால் பகுதியின் செயின்ட் ஐவ்ஸ் விரிகுடாவில் மக்கள் கடற்கரையில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நிறுவனம் பின்னர் அங்கிருந்து விலகியது. நம்பிக்கை ஒருமுறை போனால், நல்ல ஆய்வுக்கும் சேர்த்துக் கதவு அடைபடும்.

சரியாகச் செய்ததற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் 2025 ஆகஸ்டில் மேய்ன் வளைகுடாவில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சிவப்புச் சாயத்தோடு கலந்துவிட்டு, அது போகும் பாதையைக் கப்பலிலிருந்து பின்தொடர்ந்தது. அரசு அனுமதி, பொதுமக்கள் கருத்துக்கேட்பு, மீனவர்களோடு பேச்சு எல்லாம் முன்கூட்டியே நடந்தன. கிரெடிட் எதுவும் விற்கவில்லை. துகளாக இல்லாமல் கரைசலாக விட்டதும் யோசித்து எடுத்த முடிவுதான்.

இதுல நமக்கென்ன?

நிறைய இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி டன் வண்டலைச் சுமந்துவருகின்றன. வங்கக் கடல், துகள்களின் கடல். கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் 1987 முதல் இந்தக் கடலின் ஆழத்தில் பொறிகளை இறக்கி, மேலிருந்து விழும் துகள்களைச் சேகரித்தன. ஆற்றுநீர் வரத்து கூடும் பருவத்தில், களிமண் துகள்கள் பாரமாகச் சேர்ந்து, செத்த பாசிகளை வேகமாகக் கீழே இழுத்துப்போவது அதில் தெரிந்தது. டார்ட்மத் குழு குடுவையில் செய்துபார்த்ததைப்போன்ற ஒன்றை வங்கக் கடல் காலங்காலமாகச் செய்துவருகிறது!

ஆனால், இதே காரணத்தால் நமக்கு ஆபத்தும் அதிகம். வெப்பமான, துகள் நிறைந்த நீரில் சுண்ணாம்பு படிவது எளிது. கனடாவின் குளிர்ந்த துறைமுகத்தில் பாதுகாப்பான அளவு என்று கண்டது, சென்னைக்கோ பாரதீப்புக்கோ அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்து, வங்கக் கடலில் மேல் அடுக்குக்குக் கீழே ஆக்சிஜன் மிகவும் குறைந்த மண்டலம் ஒன்று பரந்து கிடக்கிறது. மேலிருந்து கரிமப் பொருள் கூடுதலாக விழுந்தால், அதைச் சிதைக்க பாக்டீரியாக்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். அது மீன்வளத்தில் போய் நிற்கும். மீன்வளம் என்றால் மீனவர் வீட்டு அடுப்பு.

2070-ல் நெட் ஜீரோ என்று அறிவித்திருக்கும் இந்தியா, இன்றைக்கோ நாளைக்கோ கடல்வழிக் கார்பன் நீக்கத்தைப் பற்றி முடிவெடுத்தே ஆக வேண்டும். அப்போது வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ரெடிமேட் கணக்கோடு வந்து நிற்கும். அதைச் சரிபார்க்க நம்மிடம் நம் கடலின் எண்கள் இருக்குமா?

எண்கள் வேண்டுமென்றால் ஆட்கள் வேண்டும். இந்தியாவில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், சீனியர் நிலைக்கு 42,000. உயர்த்திய பிறகு இருக்கும் தொகை இது. ஐ.டி.யில் சேர்ந்த நண்பன் கார் லோன் கட்டும்போது, நாலைந்து வருடம் கடல் நீரை டைட்ரேஷன் செய்துகொண்டிருக்க ஒரு இளைஞர் ஏன் சம்மதிக்க வேண்டும்? காரத்தன்மையைத் துல்லியமாக அளக்கத் தேவையான தரநிலை மாதிரி நீருக்கே உலகின் பெரும்பாலான ஆய்வகங்கள் நெடுங்காலமாக அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவன ஆய்வகம் ஒன்றைத்தான் நம்பியிருக்கின்றன. அடிப்படை அவ்வளவு மெலிதாக இருக்கிறது. அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் 2021 அறிக்கையில், கடல்வழிக் கார்பன் நீக்கத்துக்கான அடிப்படை ஆராய்ச்சிக்கு மட்டுமே 12.5 கோடி டாலர் தேவை என்று பரிந்துரைத்தன. நம் பட்ஜெட்டில் இதற்குத் தனி வரி ஒன்றாவது வர வேண்டும்.

என்ன செய்யணும்?

முதலாவது, உள்ளூர்க் கடல் நீரில், உள்ளூர்த் துகள்களோடு சோதித்த முடிவுகள் பொதுவில் வெளியாகும் வரை, அந்தக் கடலை வைத்து எந்த கிரெடிட்டையும் விற்க அனுமதிக்கக் கூடாது. தோற்ற சோதனைகளின் தரவும் வெளியாக வேண்டும். லோஹாஃபெக்ஸ் தோல்வியை மறைத்திருந்தால், சிலிக்காவின் பங்கு நமக்குப் புரிந்திருக்காது.

இரண்டாவது, சட்டம். கடல்சார் புவிப்பொறியியலை ஒழுங்குபடுத்த லண்டன் நெறிமுறையில் 2013-ல் கொண்டுவந்த திருத்தம், போதிய நாடுகள் ஏற்காததால் இன்னும் அமலுக்கு வரவில்லை. அது வரும் வரை கைகட்டிக் காத்திருக்காமல், இந்தியா தன் கடல் எல்லைக்குள் தெளிவான விதிகளை எழுதலாம். மீனவ சமூகத்தோடு பேசுவதை அதில் கட்டாயமாக்க வேண்டும். திட்டம் முடிவான பிறகு நடத்தும் சம்பிரதாயக் கூட்டமாக அது இருந்துவிடக் கூடாது.

மூன்றாவது, இந்த ஆய்வுகளுக்கு நிதியும் கப்பல் நேரமும் கொடுக்க வேண்டும். ‘கடலைத் தொடவே கூடாது’ என்று சொல்லி ஆராய்ச்சியையும் நிறுத்துவது, கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவதற்குச் சமமான தவறு. எப்படியும் நாம் வெளியிடும் கார்பன், கேட்காமலேயே கடலை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் பங்கு. அடுத்த முறை ஒரு விமான நிறுவனமோ, ஆப்போ, நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆண்டறிக்கையோ ‘கடல் கார்பன் கிரெடிட் வாங்கிவிட்டோம், நாங்கள் நியூட்ரல்’ என்று பெருமைப்பட்டால், மூன்று கேள்விகள் கேளுங்கள். கடலில் போட்டது எல்லாம் கரைந்ததா, படிந்ததா? அதை யார் அளந்தார்கள், விற்றவர்களா வெளியாட்களா? அந்தப் பணத்தில் எவ்வளவு சொந்தப் புகையைக் குறைக்கச் செலவானது?

பதில் வராவிட்டால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது விளம்பரம்.